பிரேக் மேல் வைத்த கால்

நம் டிரைவிங் ஸ்கூலில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண்களுக்கு,

கிளட்ச் எப்படிப் பழக்குவது, ரிவர்ஸ் எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்றெல்லாம் நான் எழுதப்போவதில்லை. அதைக் கலா சொல்லித்தருவாள். அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான் என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

எட்டாம் வகுப்பில் தோற்றவள் நான். மேற்குத் தாம்பரத்தில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் பெருக்கித் துடைக்கப் போனேன். பிறகு அதே தெருவில் சொந்தப் பெயர்ப்பலகை மாட்டினேன். ஒரு நீதிபதியம்மா, பல் டாக்டர்கள், எண்ணிக்கையில் அடங்காத சாஃப்ட்வேர் பெண்கள், எல்லோரும் என் பக்கத்தில் உட்கார்ந்து நடுங்கியவர்கள்தான். இன்றைக்கு நாவலூர் சாலையில் அவர்கள் போகிற வேகத்தைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. இதையெல்லாம் பெருமைக்குச் சொல்கிறேனா என்று கேட்டால், ஆமாம், பெருமைக்குத்தான். பெருமைப்பட என்னிடம் சரக்கு இருக்கிறது.

இதில் நான் எழுத நினைத்தது நம் உடம்பைப் பற்றி. சொல்லிக்கொடுக்கிறவர்கள் சாலையைப் பார்க்கிறோம், கற்றுக்கொள்கிறவரைப் பார்க்கிறோம். நம்மை நாம் பார்ப்பதில்லை. மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் ஆன பிறகு தினம் ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு, சொல்லிக்கொடுப்பவருக்கான அந்த இடது இருக்கையில் உட்கார்ந்தவள் நான். ஒரு கட்டத்தில் மாத்திரையை விடுவதா, இருக்கையை விடுவதா என்று நின்றேன். மாத்திரை என் உயிருக்கு. இருக்கை என் பேருக்கும் சோற்றுக்கும். அந்தக் கதைதான் இது.

குளிக்கும்போது கையில் தட்டுப்பட்ட கட்டி. பயப்படவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் மூடி வைக்கவில்லை, மறுநாளே போய்க் காட்டினேன். ஆபரேஷன், கதிர்வீச்சு எல்லாம் நடந்து முடிந்தது. கடைசியில் டாக்டர் இந்த மாத்திரையை எழுதினார். அவருக்கு என் மகன் வயதிருக்கும்.

"உங்களுக்கு வந்தது ஹார்மோனைத் தின்னு வளர்ற வகைம்மா. இந்த மாத்திரை உடம்புல அந்த ஹார்மோன் ஊற விடாது. தினம் ஒண்ணு. சில வருஷம் போடணும்."

"அதாவது பெட்ரோல் டியூபை அடைச்சுடறீங்க."

அவர் சிரித்தார். "அப்படியே வெச்சுக்கலாம். மூட்டு வலி வரலாம், உடம்பு திடீர்னு சூடாகலாம், தூக்கம் கெடலாம். வந்தா சொல்லுங்க."

வரலாம் என்றது காதில் விழுந்தது. சொல்லுங்க என்றது விழவில்லை.

முதலில் வந்தது சூடு. தாம்பரத்துக்காரிக்கு வெயில் புதிதா என்ன. இது வெயில் இல்லை, உள்ளேயிருந்து கிளம்புவது. நெஞ்சில் ஆரம்பித்துக் கழுத்து, காது, நெற்றி என்று ஏறும். சட்டென்று ஜாக்கெட் நனைந்துபோகும். அது அடங்கியதும் ஈரத்தில் குளிரும். மார்கழி மாதத்தில் ஏசியை முழுசாக வைத்துக்கொண்டு வகுப்பு எடுத்தேன். பொத்தேரியில் தங்கிப் படிக்கிற ஒரு பெண் துப்பட்டாவைத் தலையில் சுற்றிக்கொண்டு ஸ்டீயரிங்கைப் பிடித்தாள்.

"மேடம், நான் எதாவது தப்பு பண்ணிட்டேனா? உங்க முகமே சிவந்துடுச்சு."

"பண்ணலை. ரோட்டைப் பாரு."

அதற்குப் பிறகு அவள் தப்பே செய்யவில்லை. சூட்டில் எனக்குக் கிடைத்த ஒரே லாபம் அது.

அடுத்தது தூக்கம் போனது. அதற்கடுத்து மூட்டுகள். காலையில் படுக்கையில் எழுந்து உட்கார்ந்தால் முழங்காலும் கணுக்காலும் துருப்பிடித்த கீல் மாதிரி மடங்க மறுக்கும். காபி டம்ளரைப் பிடித்த விரல் பிடித்தபடியே நின்றுவிடும், இன்னொரு கையால் நிமிர்த்திவிட வேண்டும். நடமாட நடமாட இளகி, வெயில் ஏறுகிற நேரத்துக்கு நான் பழைய ஆளாகிவிடுவேன். ஆனால் எனக்குப் பேர் வாங்கித்தந்தது காலை ஆறு மணி பேட்ச். சிறுசேரிக்கும் நாவலூருக்கும் வேலைக்குப் போகிற பெண்கள், கம்பெனி வண்டி வருவதற்கு முன்னால் கற்றுக்கொண்டு ஓட வேண்டும் என்று வருவார்கள். "ஆறு மணிக்கு மாஸ்டரம்மாவே வருவாங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் சேருவார்கள். கலா வருவாள் என்றால் யோசித்துச் சொல்கிறோம் என்று எதிர் ஸ்கூலுக்குப் போய்விடுவார்கள்.

நம் இருக்கைக்கு முன்னால் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் இருக்கிறது. நல்ல மாஸ்டரின் கால் தரையில் இருக்கும். வேண்டும்போது போகும், வேலை முடிந்ததும் திரும்பிவிடும். பிரேக் மேலேயே காலை வைத்திருப்பவர் பயந்தாங்கொள்ளி. இதை நான் எத்தனையோ பேரிடம் கத்தியிருக்கிறேன். என் பக்கத்து பிரேக் ரப்பர் வருடக்கணக்கில் புதுசாகவே இருக்கும், வருகிறவர்களிடம் காட்டிப் பீற்றிக்கொள்வேன்.

தரையிலிருந்து பெடலுக்குப் போக என் காலுக்கு முன்பெல்லாம் கண்ணிமைக்கிற நேரம் போதும். இப்போது காலை வேளைகளில் அது யோசித்து யோசித்துப் போனது. அதனால் நான் செய்தது என்ன தெரியுமா? செய்கிறேன் என்று எனக்கே தெரியாமல், காலைப் பெடல் மேலேயே வைத்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டேன்.

"வண்டி இழுக்கவே மாட்டேங்குது மேடம்" என்றார்கள் கற்றுக்கொள்கிறவர்கள். "ஆக்சிலேட்டரைத் தொட்டுக் கும்பிடாத, மிதி" என்றேன் நான். முடிச்சூர் சாலையில் ஒரு நாள் கருகிய வாடை வந்தது. வண்டியை நேராக இரும்புலியூருக்கு, பாய் ஷெட்டுக்கு விட்டேன். ஆரம்ப நாளிலிருந்து நம் வண்டிகளைப் பார்க்கிற மெக்கானிக் அவர். சாயங்காலம் கலாவோடு போனபோது முன்சக்கரத்தைக் கழற்றி வைத்திருந்தார்.

"இன்னா பாய், கிளட்சைத் தீச்சிட்டாளுங்களா?"

"கிளட்சு நல்லாத்தான் கீது. பிரேக் பேடுதான் சுத்தமா தேஞ்சி போச்சு. டிஸ்கைப் பாரு, சூட்ல நெறமே மாறிப்போச்சு."

"கத்துக்கிற பொண்ணுங்கதானே. பயந்துகினு பிரேக் மேலயே காலை வெச்சிகினு ஓட்டுதுங்க."

பாய் ஸ்பானரைக் கீழே வைத்தார். இடது பக்கக் கதவைத் திறந்து கீழே குந்தி, டார்ச் அடித்தார். "இங்க வந்து பாரு."

பார்த்தேன். நான் பீற்றிக்கொள்கிற ரப்பர். அதன் ஒரு மூலை வழவழவென்று தேய்ந்து இரும்பு தெரிந்தது.

"இது யாரு காலு?"

"நாக்கை அடக்கிப் பேசு பாய்."

"நான் நாக்கை அடக்கிக்கிறேன். நீ காலை எடு. சூட்ல பிரேக்கு ஒரு நாள் புடிக்காமப் போச்சுன்னா அப்பறம் பேஜாராப் பூடும்."

திரும்பினேன். கலா ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

"உனக்குத் தெரியுமாடி?"

"ஸ்கூட்டில பின்னாடி வரும்போது பாத்தேன்க்கா. உங்க வண்டில பிரேக் லைட்டு அணையவே இல்ல."

"ஏன் சொல்லலை?"

"உங்ககிட்ட யாருக்கா சொல்றது?"

இத்தனை நாள் என்னை நம்பி ஸ்டீயரிங்கைப் பிடித்த ஒவ்வொருத்தியும் தேய்ந்த பிரேக்கில் போயிருக்கிறாள். வீட்டுக்கு வந்து உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கட்டியை எடுத்தாயிற்று. கதிர்வீச்சும் கொடுத்தாயிற்று. மிச்சமிருக்கும் இந்தச் சின்ன மாத்திரைதானே காலைப் பூட்டுகிறது? இதை விட்டால் கால் வரும். கால் வந்தால் இருக்கை நிற்கும். படிக்காதவள் போட்ட கணக்கு என்று நினைக்காதீர்கள். நன்றாகப் படித்தவர்களும் இதே கணக்கைப் போடுகிறார்கள் என்று பிற்பாடு தெரிந்தது. அன்றைக்கு மாத்திரை போடவில்லை. இனிமேல் போடுவதில்லை என்று முடிவும் செய்துவிட்டேன்.

மறுநாள் ஆறு மணிக்கு டீச்சரின் முறை. சேலையூரில் இருக்கிற ஓய்வுபெற்ற தலைமையாசிரியை அவர், என்னைவிட மூத்தவர். கழுத்தில் மெல்லிய சங்கிலி, அதில் சின்னச் சிலுவை. கணவர் காலமான பிறகு கார் ஷெட்டில் சும்மா நிற்கிறது, ஆட்டோக்காரரோடு பேரம் பேசி வாய் வலிக்கிறது என்று கற்றுக்கொள்ள வந்தவர். கியர் மாற்றுவதைக்கூடப் பரீட்சைத்தாள் திருத்துகிற மாதிரி நிதானமாகச் செய்வார். நான் அதட்டினால், "கொஞ்சம் மெதுவா சொல்லுங்க, எனக்குக் காது கேக்கும்" என்பார். என்னை இப்படிச் சொன்ன ஒரே ஆள்.

என் வண்டி ஷெட்டில் இருந்ததால், கலா வகுப்பு எடுக்கிற காரை எடுத்துப் போனோம். கால் தரையில்தான் இருக்க வேண்டும் என்று பிடிவாதமாக அழுத்தி வைத்திருந்தேன். எதிரே ஒரு சைக்கிள் வந்தால்கூட முழங்காலைக் கையால் அழுத்திப் பிடித்தேன். கேம்ப் ரோடு தாண்டும்போது உள்ளேயிருந்து அந்தச் சூடு கிளம்பியது. ஏசியைக் கூட்டக் கையை நீட்டினேன். அதே நொடியில் டீச்சரின் இடது கையும் அதே திருகுக்கு வந்தது. இரண்டு கையும் மோதிக்கொண்டன.

டீச்சர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைப் பார்த்து, இண்டிகேட்டர் போட்டு, வண்டியை ஓரங்கட்டி, ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவ்வளவு அழகாக அவர் அதற்கு முன்னால் ஓரங்கட்டியதே இல்லை.

"எவ்வளவு நாளா?" என்றார்.

"எது டீச்சர்?"

"அந்த மாத்திரை. வண்டில ஏறும்போது கதவைப் பிடிச்சுக்கிட்டு ஒரு நிமிஷம் நிக்கிறீங்க. பைக்குள்ள ஈரத்துண்டு வெச்சிருக்கீங்க. ராத்திரி தூங்காத கண்ணு. தினம் என் வீட்டுக் கண்ணாடில நான் பாக்கறது இதுதானே."

"எனக்கு ஒண்ணும் இல்லை டீச்சர்."

"நானும் அதே மாத்திரை போட ஆரம்பிச்சப்ப எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொன்னேன்."

ஏசிக் காற்று இரண்டு பேர் முகத்திலும் அடித்துக்கொண்டிருந்தது. எப்படி வாய் திறந்தேன் என்று தெரியவில்லை. கால், பிரேக், பாய், நேற்று மாத்திரையை நிறுத்தியது, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். டீச்சர் என் பக்கம் திரும்பி உட்கார்ந்து கேட்டார்.

"டாக்டர் என்ன சொன்னார்?"

"அவர்கிட்ட சொல்லலையே. போகும்போதெல்லாம் எப்படி இருக்கீங்கன்னு கேப்பாரு. ஜம்முனு இருக்கேன் சார்னு சொல்லிட்டு வந்துடுவேன்."

"வலி? சூடு?"

"அதையெல்லாம் அந்தச் சின்னப் பையன்கிட்ட போய் அழறதா?"

டீச்சர் கொஞ்ச நேரம் ஸ்டீயரிங்கைத் துடைத்தார். "உங்ககிட்ட படிக்கிற ஒரு பொண்ணு, கிளட்ச் புரியாமலே, புரிஞ்சுடுச்சு மேடம்னு சொன்னா என்ன செய்வீங்க?"

"மெயின் ரோட்டுக்கு விடமாட்டேன்."

"உங்க டாக்டர் உங்களை மெயின் ரோட்டுல விட்டுட்டு நிக்கிறார். பாவம், நீங்க சொன்னதை நம்பி."

எனக்குக் கோபம் வந்தது. யாரோ கன்னத்தில் ஒன்று வைத்த மாதிரி இருந்தது. இறங்கிக் கதவை அறைந்து சாத்திவிட்டு நடந்துபோய்விடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் முழங்கால் இன்னும் இளகவில்லை. உட்கார்ந்திருந்தேன். அதுவும் நல்லதுக்குத்தான்.

"நானும் நிறுத்தினேன்" என்றார் டீச்சர். "யார்கிட்டயும் சொல்லாம. மூணாவது மாசம் டாக்டரம்மா கண்டுபிடிச்சுட்டாங்க. திட்டுவாங்கன்னு நெனச்சேன். திட்டலை. இந்த வேலையைச் செய்யற மாத்திரை ஒரு வகை மட்டும் இல்லை, ஒருத்தருக்கு ஒத்துக்காதது இன்னொருத்தருக்கு ஒத்துக்கும்னு சொல்லி மாத்திக் குடுத்தாங்க. மூட்டு வலி பாதியாச்சு. சூடு போகலை. அது கூடவே இருக்கு, மாமியார் மாதிரி. அதோட வேளை தெரிஞ்சுகிட்டா சமாளிச்சுடலாம்."

அந்த வாரமே போனேன். சண்டைக்குத் தயாராகப் போனேன் என்றுதான் சொல்ல வேண்டும். டாக்டர் வழக்கம்போல, "எப்படி இருக்கீங்கம்மா?" என்றார்.

"நல்லா இல்லை சார்" என்றேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். வாழ்க்கையில் யாரிடமும் நான் சொல்லாத வார்த்தை அது. சொன்ன பிறகு மற்றதெல்லாம் தானாக வந்தது. காலையில் பூட்டிக்கொள்கிற கணுக்கால், பிடித்ததை விடாத விரல், ராத்திரி முழுக்கக் கூரையைப் பார்த்துக் கிடப்பது, காரணமில்லாமல் கலாவிடம் கத்துவது. ஆண்பிள்ளையிடம் சொல்லக் கூசுகிற உலர்ச்சி, எரிச்சல் எல்லாம் இருந்தது. அதைப் பக்கத்து அறையில் நர்ஸம்மாவிடம் சொன்னேன். அதற்கும் வழி வைத்திருந்தார்கள். நீங்களும் ஒரு நாள் சொல்ல வேண்டியிருந்தால் கூசாதீர்கள் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

"மாத்திரை இருக்கணும்னா இருக்கையை விடணும், இருக்கை இருக்கணும்னா மாத்திரையை விடணும். நீங்களே சொல்லுங்க சார்" என்றேன்.

"எதுக்கும்மா ரெண்டுல ஒண்ணு?" என்றார் அவர். "நீங்களா நிறுத்தறது ஆபத்து. நான் சொல்லி நிறுத்தறது வேற."

அவரே சில வாரம் இடைவெளி கொடுத்தார். பிறகு வேறு மாத்திரைக்கு மாற்றினார். எலும்பு வலு எப்படியிருக்கிறது என்று பார்க்கச் சொன்னார். தினம் நடக்க வேண்டும், சின்ன எடை தூக்கிப் பழக வேண்டும் என்றார். வலிக்கிற மூட்டை எதற்கு ஆட்டச் சொல்கிறார் என்று முதலில் எரிச்சல் வந்தது. ஓட்டாமல் ஷெட்டிலேயே நிறுத்திய வண்டி ஸ்டார்ட் ஆகாது என்று ஊருக்கே சொல்கிறவள், என் முழங்காலுக்கு அதைச் சொல்லிக்கொள்ளவில்லை. நடந்தேன். சேலையூர் ஏரிப் பக்கம் டீச்சரும் நானும் நடப்போம், சூடு வந்தவர் முதலில் நிற்பது, மற்றவர் விசிறுவது என்று ஒப்பந்தம்.

அந்த இடைவெளியில் நான் எந்த வகுப்பும் எடுக்கவில்லை. புது மாத்திரை ஆரம்பித்துக் கொஞ்ச நாளில் உடம்பு லேசானது தெரிந்தது. அங்கேதான் உண்மையான சோதனை. ஆறு மணி பேட்ச் பெண்கள் தினம் போன் செய்தார்கள். எதிர் ஸ்கூல்காரர், "அந்தம்மாவால முடியலையாம்" என்று டீக்கடையில் சொல்லிவிட்டிருந்தார். அது என் காதுக்கு வந்த அன்றைக்கே கிளம்பிப் போய் ஆறு மணிக்கு உட்கார வேண்டும் என்று ரத்தம் கொதித்தது. அது மாத்திரைச் சூடு இல்லை, சொந்தச் சூடு.

ஆனால் நான் தொழில்காரி. சரியாகிவிட்டது என்று வாயால் சொல்கிற யாரையும் நான் சாலைக்கு விட்டதில்லை, மைதானத்தில் ஓட்டிக்காட்டச் சொல்வேன். எனக்கும் அதுதான் நியாயம். விடிகாலையில் கலாவையும் டீச்சரையும் மைதானத்துக்கு வரச்சொன்னேன். ஒரு காலி தண்ணீர் கேனை நட்டநடுவில் வைத்தேன். அதற்குச் சற்று முன்னால், ஓரமாக, அடையாளத்துக்கு ஒரு செங்கல். கலா ஓட்டுவாள், பிரேக்கைத் தொடக் கூடாது. வண்டி செங்கல்லைத் தாண்டும்போது பின் இருக்கையிலிருந்து டீச்சர் "நிறுத்து" என்பார். என் கால் தரையிலிருந்து கிளம்பி, கேனுக்கு முன்னால் வண்டியை நிறுத்த வேண்டும். இந்த யோசனை யாருடையது என்று கேட்டால், என்னுடையது.

"கேன் மேல மோதிட்டா?" என்றாள் கலா.

"கேனுக்கு வலிக்காது. ஓட்டு."

செங்கல் தாண்டியது. "நிறுத்து" என்றார் டீச்சர், பள்ளிக்கூட மணி மாதிரி. என் கால் கிளம்பியது. போய்ச் சேர்வதற்குள் வண்டி டொம்மென்று மோத, கேன் உருண்டு, மைதானத்தின் மூலையில் படுத்திருந்த நாயை எழுப்பியது.

"இன்னொரு தடவை" என்றேன். இன்னொரு தடவையும் கேன் உருண்டது. அதற்கடுத்த தடவை கேன் தப்பித்தது.

"பரவால்லக்கா, இப்ப நின்னுடுச்சு" என்றாள் கலா, எனக்காக.

"கேனுக்குப் பதிலா ஒரு குழந்தைன்னா, முதல் ரெண்டு தடவையைக் கழிச்சுப்பியா?" என்று கேட்டது டீச்சர் இல்லை, நான். அந்த ஆறு மணி பேட்ச்தான் நான். அதை வைத்துத்தான் பெயர்ப்பலகை, வீடு, எல்லாம்.

வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, வேலை பார்த்து, வெயில் ஏறிய பிறகு மறுபடி வந்தோம். டீச்சர் செங்கல் தாண்டி "நிறுத்து" என்றார். வண்டி நின்றது. டீச்சர் ஏமாற்றப் பார்த்தார், முன்னாலேயே சொன்னார், தாமதமாகச் சொன்னார். எத்தனை தடவை ஓட்டினாலும் கேன் நின்ற இடத்திலேயே நின்றது. அந்த நாய்கூட எழுந்திருக்கவில்லை.

வண்டியிலிருந்து இறங்காமலே சொன்னேன். "கலா, நாளையிலேருந்து ஆறு மணி உன்னுது."

"எனக்கு பயமா இருக்குக்கா. உங்களைக் கேட்டு வர்றவங்க அவங்க."

"வருவாங்க. வந்து உன்னைப் பார்த்து மூஞ்சியைச் சுளிப்பாங்க. நீ சொல்லிக்குடுக்கறதைப் பார்த்துட்டு அடுத்த நாளும் வருவாங்க. உன்னைத் தயார் பண்ணது யாரு?"

சிலர் எதிர் ஸ்கூலுக்குப் போகத்தான் செய்தார்கள். நான் பத்து மணி பேட்ச் ஆரம்பித்தேன். அந்த நேரத்துக்கு யார் வருவார்கள் என்று ஊரே சிரித்தது. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு அம்மாக்கள் வந்தார்கள். வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர்கள் வந்தார்கள். வீட்டில் யாருக்கும் தெரியாமல் கற்றுக்கொள்ள நினைத்தவர்கள், வீட்டுக்காரர் ஆபீஸ் போன பிறகு வந்தார்கள். தாம்பரத்தில் பத்து மணி பேட்ச் கொண்டுவந்தது நான். எதிர் ஸ்கூல்காரர் பிறகு அதையும் காப்பியடித்தார்.

டாக்டர் சொன்ன வருடங்கள் முழுவதும் மாத்திரை போட்டேன். அத்தனை வருடமும் இருக்கையிலும் இருந்தேன். வலி முழுசாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். மழைக்காலத்தில் விரல்கள் முரண்டு பிடித்தன. சூடு வந்தது, துண்டு இருந்தது, துடைத்துக்கொண்டேன். கற்றுக்கொள்ள வருகிறவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவேன்: நடுவில் என் முகம் சிவக்கும், அது உன்மேல் கோபம் இல்லை. கோபம் வந்தால் எப்படியிருக்கும் என்று உனக்கே தெரியும். கலா ஆறு மணிக்கு, நான் பத்து மணிக்கு. எங்களுக்குள் ஒரு விதி வைத்தோம். ஒருவர் வண்டியின் பிரேக் லைட் காரணமில்லாமல் எரிவதை இன்னொருவர் பார்த்தால், அன்றைக்கே, முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். எதிராளி கத்தினாலும் சொல்ல வேண்டும். நீங்களும் இதைப் பிடித்துக்கொள்ளுங்கள். முதல் தடவை கலா என்னிடம் வந்து சொன்னபோது நான் கத்தத்தான் செய்தேன். மறுநாள் அவளுக்குப் பிரியாணி வாங்கிக்கொடுத்தேன்.

பத்து மணி பேட்ச் ஆரம்பித்த புதிதில் ஒரு நாள். ஓட்டியது டீச்சர். கேம்ப் ரோட்டில் முன்னால் ஒரு ஷேர் ஆட்டோ. கை காட்டிய ஒரு ஆளைப் பார்த்துவிட்டு, இண்டிகேட்டர் கிடையாது, கை கிடையாது, நட்டநடு ரோட்டில் ஆட்டோக்காரன் அப்படியே நிறுத்திவிட்டான். டீச்சர் பக்கத்துக் கடையில் தொங்கிய வாழைத்தாரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் கால் தரையிலிருந்து போனது. நான் அனுப்பவில்லை, அதுவாகப் போனது. வண்டி குலுங்கி நின்றது. எங்கள் பம்பருக்கும் ஆட்டோவின் பின்பக்கத்துக்கும் நடுவே ஒரு ஆள் நுழையலாம்.

நம் தொழிலில் ஒரு வழக்கம் இருக்கிறது. நாம் பிரேக் போட்டோம் என்று கற்றுக்கொள்கிறவரிடம் சொல்ல மாட்டோம். "பாத்தீங்களா, நீங்களே நிறுத்திட்டீங்க" என்போம். அப்போதுதான் தைரியம் வரும். நானும் காலம் முழுக்க அப்படித்தான் சொல்லிவந்தேன்.

டீச்சருக்கு மூச்சு வாங்கியது. "இப்ப நிறுத்தினது நானா, நீங்களா?" என்றார்.

பொய் சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை.

"நான்தான் டீச்சர்" என்றேன்.

அதற்குள் ஆட்டோக்காரன் தலையை வெளியே நீட்டிவிட்டான். "இன்னாக்கா, வண்டி ஓட்டறது யாரு? நீயா, அந்தம்மாவா?"

ஜன்னலை இறக்கினேன். "ஸ்டீயரிங்கு அவங்க, பிரேக்கு நானு. உனுக்கு யாரு வேணும்?"

அவன் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு ஆட்டோவை எடுத்தான். டீச்சர் சிரித்துக்கொண்டே முதல் கியரைப் போட்டார். நான் காலை எடுத்துத் தரையில் வைத்தேன். வண்டி இழுத்துக்கொண்டு போனது.